சர்வரில் ப்ராசஸ் மெமரி அலர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வரில் ப்ராசஸ்களின் மெமரிக்கு அலர்ட் வைப்பது பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். எளியதில் தொடங்கி, போகப் போகச் சிக்கலாகும். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. எண்ணைக் கொடுத்திருக்கிறேன், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஃப்ரீ கட்டளை கொடுத்தா 16 ஜிபியில 300 எம்பிதான் காலின்னு காட்டுது. சர்வர் படுத்துடுமா?

அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் வீணாக விடுவதில்லை. டிஸ்கிலிருந்து படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும். இதுதான் பேஜ் கேஷ். ஏதாவது ப்ராசஸ் இடம் கேட்டால் கேஷில் ஒரு பகுதியைக் காலி செய்து கொடுத்துவிடும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது 'ஃப்ரீ' அல்ல, வரிசையின் கடைசியில் இருக்கும் 'அவைலபிள்'. ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் இடம்) பக்கம் போகாமல் இன்னும் எவ்வளவு கொடுக்க முடியும் என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே போடும் மதிப்பீடு அது. 2014-இல் வந்த 3.14 கர்னலிலிருந்து இருக்கிறது.

உங்களிடம் பழைய அலர்ட் விதி ஏதாவது இருந்தால், அது கேஷையும் 'பயன்பாட்டில் உள்ளது' என்று சேர்த்துக் கணக்குப் போடுகிறதா என்று முதலில் பாருங்கள். வீண் அலர்ட்டுகளில் நிறைய அங்கேயே தீர்ந்துவிடும்.

2. சர்வர் முழுசுக்கும் ஒரு அலர்ட் இருக்கே. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனியா எதுக்கு?

ஒவ்வொன்றுக்கும் வேண்டாம். சர்வர் அலர்ட் 'இடம் குறைகிறது' என்று மட்டும் சொல்லும். யார் தின்கிறார்கள் என்று சொல்லாது. அதைவிட முக்கியம், 64 ஜிபி சர்வரில் வழக்கமாக 1 ஜிபியில் ஓடும் ஒரு சேவை 6 ஜிபிக்குப் போனாலும் சர்வர் அலர்ட் அசையாது. ஆனால் அந்தச் சேவையில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது.

விழுந்தால் வேலை நிற்கும் என்கிற ப்ராசஸ்களுக்கும், முன்பு மெமரியில் தொல்லை கொடுத்தவற்றுக்கும் மட்டும் வையுங்கள். பெரும்பாலான சர்வர்களில் அந்தப் பட்டியல் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும்.

3. டாப்ல விர்ட், ரெஸ், எஸ்எச்ஆர்னு மூணு இருக்கு. எதுக்கு அலர்ட் வைக்கணும்?

டாப் என்பது ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் கட்டளை. தொடக்கத்துக்கு அதில் ரெஸ், அதாவது ஆர்எஸ்எஸ். அந்த ப்ராசஸுக்காக இப்போது உண்மையில் ரேமில் உட்கார்ந்திருக்கும் பக்கங்களின் (கர்னல் மெமரியைப் பிரித்துக் கையாளும் சிறு துண்டுகளின்) அளவு. விர்ட் என்பது ப்ராசஸ் கேட்டு வைத்திருக்கும் முகவரிப் பரப்பு. அதில் பெரும்பகுதி தொடப்படாமலே இருக்கலாம். 200 எம்பி பயன்படுத்தும் நிரலுக்கு விர்ட் 20 ஜிபி காட்டினால் பதற வேண்டாம். எஸ்எச்ஆர் என்பது ரெஸ்ஸுக்குள்ளேயே மற்ற ப்ராசஸ்களுடன் பகிரக்கூடிய பங்கு. இது 8-ம் கேள்வியில் தலைவலியாகத் திரும்பி வரும்.

ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் ப்ராசஸ் மெமரி உருப்படிக்கு எந்த வகை என்று குறிப்பிடாவிட்டால் விர்ச்சுவல் அளவைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆர்எஸ்எஸ் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

4. எத்தனை சதவீதத்துல வைக்கலாம்? எல்லாரும் 80ங்கறாங்க.

80-க்குப் பின்னால் எந்தக் கணக்கும் இல்லை. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். 8 ஜிபி சர்வரில் 20 சதவீதம் என்பது 1.6 ஜிபி, 256 ஜிபியில் அதுவே 51 ஜிபிக்கு மேல். ஒரே எண் இரண்டு இடத்திலும் எப்படிப் பொருந்தும்? ப்ராசஸ் அலர்ட்டுக்குச் சதவீதத்தை விட்டுவிட்டு நேரடி அளவாக எழுதுங்கள்.

அந்த அளவை இரண்டு விஷயங்களிலிருந்து எடுங்கள். ஒன்று, அந்த ப்ராசஸின் வழக்கம். குறைந்தது ஒரு முழு வாரத்தின் வரைபடத்தைப் பாருங்கள். வாரக் கடைசி அறிக்கை, இரவு நேர பேக்கப் போன்றவை அதற்குள் வந்துவிட வேண்டும். மாத முடிவில் கனமான வேலை ஓடும் என்றால் ஒரு மாதம். அதில் வந்த உச்சத்துக்கு மேலேதான் வரம்பு இருக்க வேண்டும். இரண்டு, உங்களுக்கு வேண்டிய அவகாசம். அலர்ட் வந்து, ஒருவர் கணினியைத் திறந்து, பார்த்து, முடிவெடுக்க அரை மணி ஆகும் என்றால், ப்ராசஸ் மோசமான வேகத்தில் வளர்ந்தாலும் அந்த அரை மணிக்குள் இடம் தீராத உயரத்தில் வரம்பு நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இடமே இல்லையென்றால் அலர்ட்டால் ஒன்றும் ஆகாது. மெமரியைக் கூட்டவோ வேலையைப் பிரிக்கவோ வேண்டிய சர்வர் அது.

இரண்டு நிலைகள் வைப்பது நல்லது. கீழ்நிலை, வேலை நேரத்தில் பார்க்கும் அரட்டைக் குழுவுக்கோ டிக்கெட்டுக்கோ போகட்டும். மேல்நிலை மட்டும் ஆளை எழுப்பட்டும். மேல்நிலை அலர்ட் எழுதும்போது உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இரவு 2 மணிக்கு இது வந்தால் நான் என்ன செய்வேன்? 'பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வேன்' என்றால் அது கீழ்நிலைக்குரியது.

5. ஒரு நொடி எகிறி இறங்கினாக்கூட மெசேஜ் வருது. காலையில எழுந்தா போன் முழுக்க அதுதான்.

வரம்பைத் தாண்டியதும் அடிக்காமல், தாண்டிய நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றால் அடிக்கும்படி மாற்றுங்கள். ப்ரோமீதியஸ் (இதுவும் மோனிட்டும் ஜாபிக்ஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்கள்) விதியில் இதற்கு 'ஃபார்' என்ற கால அளவு உண்டு. மோனிட்டில் 'இத்தனை சைக்கிள் தொடர்ந்து' என்று எழுதலாம். ஜாபிக்ஸில் கடைசி 5 நிமிடத்தின் குறைந்தபட்ச மதிப்பே வரம்பைத் தாண்டினால் என்று ட்ரிக்கர் எழுதுங்கள். சராசரி எடுத்தால் ஒரு பெரிய எகிறல் அதை இழுத்துக்கொண்டு போய்விடும்; இந்த வேலைக்குக் குறைந்தபட்சமே தோது.

அப்புறம், வரம்பை ஒட்டியே மேலும் கீழும் ஆடும் ப்ராசஸ் 'வந்தது', 'சரியானது' என்று மாறி மாறி அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கு ஏறும் வரம்பும் இறங்கும் வரம்பும் வேறு வேறாக இருக்க வேண்டும்: 4 ஜிபியில் தொடங்கி, 3.5-க்குக் கீழே வந்தால்தான் முடியும் என்பது போல. ஜாபிக்ஸில் மீட்சிக்கென்று தனி நிபந்தனை எழுத இடமிருக்கிறது. ப்ரோமீதியஸில் அது நேரடியாக இல்லை, 2.42 பதிப்பில் வந்த 'கீப் ஃபயரிங் ஃபார்' ஓரளவு கைகொடுக்கும்.

6. மோனிட், ஜாபிக்ஸ், ப்ரோமீதியஸ்... இதுல எதைப் போடறது?

ஏற்கெனவே எது ஓடுகிறதோ அதையே பயன்படுத்துங்கள். ஒன்றுமே இல்லாமல் ஒன்றிரண்டு சர்வர் மட்டும் என்றால் மோனிட் போதும். சிறியது, அந்த சர்வரிலேயே உட்கார்ந்து ரீஸ்டார்ட்டும் செய்து தரும். 'டோட்டல்மெம்' என்று கேட்டால் சேய் ப்ராசஸ்களையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பழைய வரைபடம் பார்க்க, 4-ல் சொன்ன வழக்கத்தைக் கண்டுபிடிக்க, அது உதவாது.

ப்ரோமீதியஸ் பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சர்வரின் அளவுகளை அதற்குத் தரும் துணை நிரலான நோட் எக்ஸ்போர்ட்டர், தனித்தனி ப்ராசஸின் மெமரியைத் தராது. ப்ராசஸ் எக்ஸ்போர்ட்டரைத் தனியாக நிறுவ வேண்டும், அல்லது உங்கள் நிரலே ப்ரோமீதியஸ் நூலகம் வழியாகத் தன் ஆர்எஸ்எஸ்ஸை வெளியிட வேண்டும்.

7. பேர் சரியாத்தான் கொடுத்திருக்கேன். ஆனா அப்படி ஒரு ப்ராசஸே இல்லைங்குது!

பெயர் நீளமா? கர்னல் வைத்திருக்கும் ப்ராசஸ் பெயரில் 15 எழுத்துதான் இருக்கும், மிச்சம் வெட்டப்பட்டுவிடும். முழுப் பெயரைத் தேடினால் கிடைக்காது. வெட்டிய பெயரைக் கொடுங்கள், இல்லையென்றால் முழுக் கட்டளை வரியில் தேடச் சொல்லுங்கள்.

ஜாவா, பைத்தான் நிரல்களில் நேர்மாறான தொல்லை. எல்லாவற்றுக்கும் 'ஜாவா' என்றே பெயர். இங்கேயும் கட்டளை வரியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ப்ராசஸ் எண்ணை அலர்ட்டில் எழுதிவைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்; முதல் ரீஸ்டார்ட்டோடு அந்த அலர்ட்டின் ஆயுள் முடிந்தது. சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) சேவையாக ஓடினால் சேவையின் பெயரையே பிடித்துக்கொள்வது எல்லாவற்றிலும் சுலபம்.

8. போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ் எல்லாத்தோட ஆர்எஸ்எஸ்ஸையும் கூட்டினா சர்வர்ல இருக்கற ரேமைவிட அதிகமா வருது. இது எப்படி?

பகிர்ந்துகொள்ளும் மெமரி ஒவ்வொரு ப்ராசஸின் கணக்கிலும் முழுதாக ஏறுவதால். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எல்லா இணைப்புகளுக்கும் பொதுவாக 'ஷேர்டு பஃபர்ஸ்' என்று ஒரு பெரிய பகுதி உண்டு. அது 4 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேக்எண்ட் (ஒரு இணைப்பைக் கவனிக்கும் ப்ராசஸ்) அதில் எத்தனை பக்கங்களைத் தொட்டதோ அத்தனையும் அதன் ஆர்எஸ்எஸ்ஸில் தெரியும். 50 பேக்எண்ட் கூட்டினால் அதே பக்கங்கள் 50 முறை வரை எண்ணப்படும். முன்னதாக ஃபோர்க் செய்து (தன்னையே நகலெடுத்து) வொர்க்கர்களை உருவாக்கும் வெப் சர்வர்களிலும் இதே கதை.

சரியான கூட்டல் வேண்டுமென்றால் பிஎஸ்எஸ் எடுக்க வேண்டும். அதில் பகிர்ந்த பக்கம் எத்தனை பேரிடம் இருக்கிறதோ அத்தனையால் வகுத்துக் கணக்கிடப்படும். 4.14 கர்னலிலிருந்து ஒவ்வொரு ப்ராசஸுக்கும் 'ஸ்மாப்ஸ் ரோலப்' என்ற கோப்பில் மொத்தமாகக் கிடைக்கிறது. ஆனால் அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் கர்னல் அந்த ப்ராசஸின் பக்க அட்டவணை முழுவதையும் நடந்து பார்க்கிறது; பெரிய ப்ராசஸ்களில் நேரம் பிடிக்கும். 15 நொடிக்கு ஒருமுறை எடுக்காதீர்கள்.

என் தேர்வு வேறு: சேவையை ஒரு சி-குரூப்புக்குள் (ப்ராசஸ்களைக் குழுவாக்கிக் கணக்கு வைக்கும் கர்னல் வசதி) ஓடவிட்டு, அந்தக் குழுவின் மொத்தத்தைக் கேட்பது. அங்கே ஒவ்வொரு பக்கமும் ஒருமுறைதான் எண்ணப்படும். சிஸ்டம்டி ஒவ்வொரு சேவைக்கும் இதைத் தானே செய்துவைத்திருக்கும். குழுக் கணக்கில் பேஜ் கேஷும் சேரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம், 13-ல் விளக்கியிருக்கிறேன்.

9. ஜாவா சேவை எப்பவும் உச்சத்துலயே நிக்குது. அலர்ட் அணையவே மாட்டேங்குது.

ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம், ஹீப்பை (நிரலின் தரவு இருக்கும் மெமரிப் பகுதி) கேட்டு வாங்கிவிட்டால் சுலபத்தில் திருப்பித் தராது. உள்ளே முக்கால்வாசி குப்பையாக இருந்தாலும் வெளியிலிருந்து ஆர்எஸ்எஸ் அப்படியேதான் தெரியும். ஆகவே இங்கே ஆர்எஸ்எஸ் கேட்பது தவறான கேள்வி. கார்பேஜ் கலெக்ஷன் (அந்தக் குப்பையை அகற்றும் வேலை) முடிந்த பிறகு ஹீப்பில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை எடுங்கள். ஒவ்வொரு முழு கலெக்ஷனுக்குப் பிறகும் அந்த அடிமட்டம் உயர்ந்துகொண்டே போனால்தான் கவலை.

உச்ச ஹீப் 4 ஜிபி என்று வைத்தும் ஆர்எஸ்எஸ் 5-ஐத் தொடுகிறதே என்று அடுத்த கேள்வி வரும். மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டாக்குகள், கோட் கேஷ், டைரக்ட் பஃபர்கள் எல்லாம் ஹீப்புக்கு வெளியே இருப்பவை. வரம்பு வைக்கும்போது அவற்றுக்கும் இடம் விடுங்கள்.

ஜாவா மட்டுமல்ல, நிறைய த்ரெட் ஓடும் சி, சி++ நிரல்களிலும் விடுவித்த மெமரி உடனே கர்னலுக்குத் திரும்பாது. சி நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 64 பிட் சர்வரில் ஒரு கோருக்கு 8 அரீனா (மெமரி ஒதுக்கிக் கொடுக்கும் தனிப் பகுதி) வரை திறந்துகொள்ளும். அதனால் ஆர்எஸ்எஸ் பருத்துத் தெரிவதை லீக் (நிரல் விடுவிக்க மறந்த மெமரி சேர்ந்துகொண்டே போவது) என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அரீனா எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் தேடுங்கள்.

10. உண்மையிலேயே லீக்தான். மெல்ல மெல்ல ஏறுது. வரம்பைத் தொடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும். ப்ரோமீதியஸில் 'ப்ரிடிக்ட் லீனியர்' என்ற செயல்பாடு, கடந்த சில மணி நேரத்துப் புள்ளிகளுக்கு நேர்கோடு போட்டு, இன்னும் இத்தனை நேரத்தில் எங்கே நிற்கும் என்று சொல்லும். 'இதே வேகத்தில் போனால் 24 மணி நேரத்தில் இடம் தீரும்' என்று அலர்ட் எழுதலாம்.

ஆனால் அது நேர்கோடு மட்டுமே. காலையில் ஆட்கள் வர வர ஏறி, இரவில் இறங்கும் சேவையில் தினமும் காலை 10 மணிக்கு உலகம் அழியப்போவதாகச் சொல்லும். அப்படிப்பட்ட சேவைகளுக்கு, ஒரு நாளின் குறைந்தபட்ச மதிப்பை எடுத்து, சென்ற வாரம் இதே நாளின் குறைந்தபட்சத்தோடு ஒப்பிடுங்கள். லீக் இருந்தால் அடிமட்டமே உயர்ந்திருக்கும். நடுவில் ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் இந்த ஒப்பீடு அர்த்தமில்லாமல் போகும் என்பதால், ப்ராசஸ் தொடங்கிய நேரத்தையும் நிபந்தனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இது டிக்கெட்டுக்குப் போக வேண்டிய அலர்ட், ஆளை எழுப்ப அல்ல.

11. அலர்ட்டே வரலை, ஆனா ப்ராசஸ் செத்துப்போச்சு. லாக்ல கூட ஒண்ணுமில்லை.

நிரலின் லாக்கில் இருக்காது. கர்னலின் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் பகுதி) அனுப்பும் சிக்னல் 9-ஐ எந்த நிரலாலும் பிடித்து, விடைபெறும் வரி எழுத முடியாது. கர்னல் லாக்கில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியைத் தேடுங்கள். வெளியேறும் எண் 137 என்று இருந்தால் அது 128-உம் 9-உம் சேர்ந்தது. சிக்னல் 9 வந்ததற்கு அது அடையாளம். அனுப்பியது ஓஓஎம்தானா, வேறு யாராவதா என்பதைக் கர்னல் லாக்தான் உறுதிசெய்யும்.

அலர்ட் ஏன் வரவில்லை என்பதற்கு நேரக் கணக்கைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்து, 5 நிமிடம் நின்றால் அடி என்று எழுதியிருக்கிறீர்கள். 40 நொடியில் 10 ஜிபி தின்றுவிட்ட ப்ராசஸ் அந்த வலையில் சிக்குமா? வேகமான எகிறலை அளவெடுத்துப் பிடிக்கப் போகாதீர்கள், நிகழ்வைப் பிடியுங்கள். கர்னல் எத்தனை முறை ஓஓஎம் கொலை செய்தது என்ற எண்ணி 4.13 கர்னலிலிருந்து இருக்கிறது. நோட் எக்ஸ்போர்ட்டர் அதை வெளியிடுகிறது. அந்த எண் கூடினாலே அலர்ட். எனக்கு ஒரே ஒரு மெமரி அலர்ட்தான் அனுமதி என்றால் இதைத்தான் வைப்பேன்.

12. சிஸ்டம்டில மெமரிமேக்ஸ் வெச்சுட்டேன். இனி அலர்ட் வேண்டாம்தானே?

மெமரிமேக்ஸ், அதாவது ஒரு சேவைக்கான மெமரி உச்ச வரம்பு, மற்ற ப்ராசஸ்களைக் காப்பாற்றும். அந்தச் சேவையைக் காப்பாற்றாது. வரம்பைத் தொட்டு, கர்னலால் எதையும் மீட்க முடியாவிட்டால் குழுவுக்குள்ளேயே கொலை விழும். கூடவே மெமரிஹை என்று ஒன்றைச் சற்றுக் கீழே வையுங்கள். அதைத் தாண்டினால் கர்னல் கொல்லாது. ப்ராசஸைத் தடுத்து நிறுத்தி நிறுத்தி, பக்கங்களை மீட்டுக்கொண்டிருக்கும். சேவை மெதுவாகும், ஆனால் உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

சி-குரூப் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் 'மெமரி ஈவென்ட்ஸ்' கோப்பு உண்டு. ஹை, மேக்ஸ், ஓஓஎம் கில் என்று ஒவ்வொன்றும் எத்தனை முறை நடந்தது என்ற எண்ணிகள் அதில் இருக்கும். ஹை எண்ணி வேகமாக ஓடத் தொடங்கினால் முன்னெச்சரிக்கை, ஓஓஎம் கில் கூடினால் அவசரம். 4-ல் சொன்ன இரண்டு நிலைகள் இங்கே இயல்பாகவே அமைந்துவிடுகின்றன.

13. கன்டெய்னர் 95 சதவீதம்னு காட்டுது, உள்ளே போய்ப் பார்த்தா ஆர்எஸ்எஸ் பாதிகூட இல்லை. எதை நம்பறது?

கன்டெய்னரும் ஒரு சி-குரூப்புக்குள்தான் ஓடுகிறது. குழுக் கணக்கில் அந்தக் கன்டெய்னர் படித்த, எழுதிய கோப்புகளின் கேஷும் சேர்ந்திருக்கும். லாக்கை நிறைய எழுதும் நிரலில் மொத்தம் எப்போதும் வரம்பை ஒட்டியே நிற்கும். 1-ல் சொன்ன அதே விஷயம், சின்ன அளவில். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெடிஸில் 'வொர்க்கிங் செட்' அளவை எடுங்கள். மொத்தத்திலிருந்து எளிதில் விடக்கூடிய பழைய கோப்புக் கேஷைக் கழித்தது அது.

கோப்பு மாதிரி தெரிந்தும் விட முடியாத ஒன்று உண்டு: டெம்ப்எஃப்எஸ். பகிர்மெமரிக் கோப்பகத்தில் தற்காலிகக் கோப்பு எழுதினால் அது ரேமிலேயே உட்காரும், கன்டெய்னர் கணக்கில் ஏறும், எந்த ப்ராசஸின் ஆர்எஸ்எஸ்ஸிலும் தெரியாமலும் போகலாம். ஆளே இல்லாமல் மெமரி காணாமல் போகிறது என்றால் அங்கே தேடுங்கள்.

14. ஆர்எஸ்எஸ் குறைஞ்சுதான் இருக்கு, அலர்ட் ஒண்ணுமில்லை. ஆனா சர்வர் ஆமை மாதிரி நகருது.

ஸ்வாப். ரேமிலிருந்து ஸ்வாப்புக்குத் தள்ளப்பட்ட பக்கங்கள் ஆர்எஸ்எஸ்ஸிலிருந்து கழிந்துவிடும். நெருக்கடி முற்ற முற்ற உங்கள் எண் அழகாகிக்கொண்டே போகும்! ஆகவே ஆர்எஸ்எஸ்ஸோடு அந்த ப்ராசஸின் ஸ்வாப் அளவையும் கூட்டி வரம்பு வையுங்கள். ஸ்வாப் நிறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் அலர்ட் வேண்டாம். என்றோ தள்ளப்பட்டு யாரும் தொடாத பக்கங்கள் அங்கே கிடப்பதில் கேடில்லை. உள்ளே வெளியே என்று தொடர்ந்து போய்வருகிறதா என்பதுதான் கேள்வி.

இதைவிட நேரான வழி பிஎஸ்ஐ. 2018 டிசம்பரில் வந்த 4.20 கர்னலிலிருந்து இருக்கிறது. மெமரிக்காகக் காத்திருந்ததில் ப்ராசஸ்கள் எத்தனை சதவீத நேரத்தை இழந்தன என்பதை 10 நொடி, 60 நொடி, 300 நொடி சராசரிகளாகச் சொல்லும். 'சம்' என்ற வரி, யாராவது ஒருவராவது காத்திருந்த நேரம். 'ஃபுல்' என்ற வரி, வேலை வைத்திருந்த எல்லோருமே ஒருசேர மாட்டிக்கொண்ட நேரம். 'ஃபுல்' கொஞ்ச நேரம் பூஜ்யத்துக்கு மேலேயே நின்றால் பயனர்கள் ஏற்கெனவே உணர்ந்திருப்பார்கள். சில விநியோகங்களில் இது அணைத்துவைக்கப்பட்டிருக்கும். பூட் அளவுருவில் இயக்க வேண்டும்.

15. அலர்ட் வந்தா தானே ரீஸ்டார்ட் ஆகற மாதிரி வெச்சுடலாமா?

நிலை எதையும் மெமரியில் வைத்திராத வொர்க்கர் என்றால் தாராளமாக. டேட்டாபேஸ், க்யூ, கேஷ் சர்வர் என்றால் வேண்டாம். திரும்ப எழுந்து சூடேற ஆகும் நேரம், மெமரி பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினையாகலாம். ரெடிஸ் போன்றவை பின்னணியில் சேமிக்கும்போது ஃபோர்க் செய்வதால் மெமரி தற்காலிகமாக ஏறும். அந்த நேரத்தில் பார்த்து ரீஸ்டார்ட் செய்தால் சேமிப்பும் போய்விடும்.

எப்படி வைத்தாலும் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு போடுங்கள், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டையும் பதிவு செய்யுங்கள். தானாக எழுந்துகொண்டே இருக்கும் சேவையில் லீக் இருப்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

16. ஒரு சர்வர்ல பிரச்சினைன்னா 30 மெசேஜ் வருது. குறைக்க வழி?

ப்ரோமீதியஸின் அலர்ட்டுகளை அனுப்பும் அலர்ட்மேனேஜரில் சர்வர் பெயரை வைத்துக் குழுவாக்குங்கள். ஒரே செய்தியில் எல்லாம் வரும். 'இன்ஹிபிட்' விதி எழுதி, மேல்நிலை அலர்ட் எரியும்போது அதே ப்ராசஸின் கீழ்நிலையை அடக்கிவிடுங்கள். திரும்ப நினைவூட்டும் இடைவெளி இயல்பாக 4 மணி நேரம். டிக்கெட் வகை அலர்ட்டுகளுக்கு அதை ஒரு நாளாக்கினாலும் குறையில்லை.

17. எல்லாம் வெச்சாச்சு, ரெண்டு மாசமா ஒரு அலர்ட்டும் வரலை. வேலை செய்யுதான்னே சந்தேகமா இருக்கு.

சந்தேகம் நியாயமானது. சோதனை சர்வரில், மெமரிமேக்ஸ் போட்ட ஒரு தற்காலிகச் சேவைக்குள் 'ஸ்ட்ரெஸ் என்ஜி' ஓடவிட்டு மெமரியைத் தின்னச் சொல்லுங்கள். வரம்பு உள்ளே இருப்பதால் மற்றவற்றுக்கு ஆபத்தில்லை. செய்தி உங்கள் போனுக்கு வருகிறதா என்பதுவரை பாருங்கள். திரையில் சிவப்பானதோடு நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் 'சரியானது' என்ற செய்தியும் வர வேண்டும்.

அலகையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம். பிஎஸ் கட்டளை ஆர்எஸ்எஸ்ஸைக் கிலோபைட்டில் காட்டும், ப்ரோமீதியஸ் பைட்டில் வைத்திருக்கும். இடம் மாறி எழுதிய வரம்பு ஆயிரம் மடங்கு உயரத்தில் போய் நின்றுகொண்டு என்றைக்கும் அடிக்காது. ப்ராசஸே காணாமல் போனால் அளவும் காணாமல் போகும், வரம்பு விதி வாய் திறக்காது. அதற்கு 'ஆப்சென்ட்' விதி தனியாக வேண்டும்.

கடைசியாக, கண்காணிக்கும் ஏஜென்ட்டையே ஓஓஎம் கில்லர் தூக்கிவிடலாம். சிஸ்டம்டியில் அதன் ஓஓஎம் ஸ்கோர் திருத்தத்தை மைனஸ் 500 போல வைத்தால் கடைசியில்தான் கை வைக்கும். மைனஸ் 1000 வைத்தால் தொடவே தொடாது, ஆனால் லீக் ஏஜென்ட்டிலேயே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு வையுங்கள். இவற்றுக்கும் மேலே, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை வெளியிலுள்ள வேறொரு சேவைக்கு அனுப்பிக்கொண்டிருங்கள். அது வருவது நின்றால் அந்தச் சேவை உங்களைக் கூப்பிடட்டும்.